வாய்க்காரி பிலோமினாவின் கழுத்து

கம்பத்துக்கு வடக்கே, முல்லையாற்று வாய்க்காலை ஒட்டிக் கிடந்த சூசைப்பட்டியில் பிலோமினாவின் முகம் தெரியாதவர்கள்கூட இருக்கலாம். அவள் குரல் தெரியாதவர்கள் கிடையாது. கோயில் மணி விரிசல் விட்டு மதுரைக்கு வார்ப்படத்துக்குப் போயிருந்த சமயம், "எதுக்குப் புது மணி? பிலோமினாவக் கோபுரத்துல ஏத்தி விட்டாப் போதாதா?" என்று இளவட்டங்கள் கேலி பேசினார்கள். அது அவள் காதில் விழுந்துவிட்டது. "ஏறுறேன்டா. மேலருந்து பாத்தா எவன் வீட்டுல என்ன நடக்குதுன்னு நல்லாத் தெரியுமில்ல? மணி அடிச்ச கையோட அதையும் சொல்லிப்புடுறேன்" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

அவளுக்குப் பிழைப்பு கொடிக்காலில். வெற்றிலைத் தோட்டத்தைத்தான் அந்தப் பக்கம் கொடிக்கால் என்பார்கள். அகத்தியை நெருக்கமாக வளர்த்து அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றி விட்டிருப்பார்கள். உள்ளே போனால் பட்டப்பகலும் அந்தி மாதிரிதான். பக்கத்து வரிசையில் வெற்றிலை கிள்ளுகிறவளின் வளையல் சத்தம் கேட்கும், முகம் தெரியாது. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் பாம்பு இல்லாமல் இருக்குமா? ஆகவே ஒவ்வொரு கொடிக்காலுக்கும் ஒரு நல்ல தொண்டை வேண்டும். நல்லகண்ணு முதலாளியின் கொடிக்காலில் அது பிலோமினாவின் தொண்டை. "ஏலே, கால எடு!" என்று அவள் ஒரு கத்துக் கத்தினால், யாரைச் சொல்கிறாள் என்று பார்க்காமல் அத்தனை பேரும் காலை எடுத்து விடுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, இவள் வாயால் ஊரான் வீட்டுப் பிள்ளைகளும் பிழைத்தன.

ஆனாலும் வாய்க்காரி என்றால் வாய்க்காரிதான். அவளிடம் வசமாக மாட்டிக்கொண்டவர் உபதேசியார் பிலவேந்திரன். சாமியார் வெளியூர்க் கோயிலுக்குப் போகும் ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிறவர் அவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவரும் அவரே. ஒரு நாள் கோயில் வாசலில் வைத்து, "பொம்பளைன்னா ஒரு அடக்கம் வேணும், பிலோமினா" என்று சொல்லிவிட்டார் மனுஷன். சொல்லலாமா? "ஜெபமாலையில மூணாவது பத்து மணிய உருட்டி முடிக்கங்குள்ள கொறட்ட விடுறவுக எனக்கு அடக்கம் சொல்ல வந்துட்டாகளா!" என்று அவள் போட்ட போட்டில் வாய்க்காலுக்கு அக்கரையில் துணி துவைத்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே அவர் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, நாலு பேர் கேட்கவே, "ஆண்டவரே, அந்தப் பொம்பள வாயைக் கொஞ்சம் அடக்கி வையும்" என்று மன்றாடினார்.

பிலோமினாவின் வீட்டுக்காரர் மரிய ஜோசப் இதிலெல்லாம் தலையிடுவதில்லை. அவரும் அதே கொடிக்காலில் தண்ணீர் கட்டுகிறவர். அவர் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசி விடுவதால், அவருக்குப் பேசுகிற வேலை மிச்சம்.

முப்பத்தேழாம் வருஷத்து அடைமழையில் பிலோமினாவுக்கு இடது காது வலித்தது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டாள். வலி போகவில்லை. கேப்பைக்களியை விழுங்கினால் முள் இறங்குவது மாதிரி இருந்தது. மார்கழிப் பனி என்றார்கள். குரல் கம்மியது. அதற்கும் பனிதான் காரணம் என்றார்கள். பனிக்கு எத்தனை பழிதான் போடுவது! பாவம், அது என்ன செய்யும்?

கொடிக்கால் வேலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானக் கஞ்சி முடிந்ததும் முதலாளி ஆளுக்கு ஒரு துணுக்குப் புகையிலை கொடுப்பார். கழித்துப் போட்ட வெற்றிலை எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிலோமினா கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்தப் புகையிலையை இடது கடைவாயில்தான் ஒதுக்குவாள். படுக்கும்போதும் துப்ப மாட்டாள். காது வலி வந்த பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கினாள். மரத்துப் போகிறதே, வலிக்கு நல்லது என்று நினைத்தாள்.

தை பிறக்கும்போது இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலிக்கவே இல்லை. வலிக்காத கட்டிக்கு யார் பயப்படுவார்கள்? முந்தானையை இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவளுக்குப் பயம் வந்தது வேறு ஒரு நாள். பக்கத்து வரிசையில் மொக்கம்மாள் குனிந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காலுக்குப் பின்னால் கண்ணாடி விரியன் ஒன்று சுருண்டு கிடந்ததை அகத்தி இடுக்கு வழியாகப் பிலோமினா பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடியும் காற்று. கையில் இருந்த கூடையைத் தூக்கி வீசி, அது மொக்கம்மாள் முதுகில் விழுந்து, அவள் அலறித் துள்ளிய பிறகுதான் காரியம் நடந்தது. "என்னாக்கா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?" என்றாள் மொக்கம்மாள். பிலோமினா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் பயந்தது பாம்புக்காக அல்ல.

வீட்டில் கட்டியைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வியாகுலமேரி தடவிப் பார்த்து, "இது கண்டமாலை. சுத்தி நாலு சூடு இழுத்தா அங்கனயே சுருங்கிப் போகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வருசநாட்டிலிருந்து மாட்டுக்கும் மனுஷருக்கும் சூடு போட வருகிற சின்னக்கருப்புக்கு ஆள் போயிற்று. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். கூலிக்கு ஒரு சேவல் பேசி முடித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை, மாசம் பிப்ரவரி, பிலாசியார் திருநாள். தொண்டை நோய்க்கெல்லாம் காவல் அந்த அர்ச்சியசிஷ்டவர், அதாவது அந்தப் புனிதர்தான். அன்று பூசை முடிந்ததும் சாமியார் இரண்டு மெழுகுவர்த்தியைச் சிலுவைபோல் சேர்த்துக் கட்டி, ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து லத்தீனில் ஆசீர் சொல்வார். வருஷா வருஷம் ஊரே வரிசையில் நிற்கும். பாடுகிறவர்கள் நிற்பார்கள், கத்துகிறவர்கள் நிற்பார்கள், பிலோமினா முதல் ஆளாக நிற்பாள்.

சவரிராயன் சாமியார் அந்த ஊருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஒல்லியான மனுஷர், கண் மட்டும் கூர்மை. பிலோமினா வந்து நின்றாள். வழக்கம்போல மெழுகுவர்த்திகளை வைத்தார். வலது பக்கத்து மெழுகுவர்த்தி கழுத்தோடு ஒட்டி நின்றது. இடது பக்கத்தது நிற்காமல் வெளியே சாய்ந்தது. அவர் திருத்தி வைத்தார். திரும்பவும் சாய்ந்தது. லத்தீன் பாதியில் நின்றது. அவர் ஒரு விரலால் முந்தானையை விலக்கிப் பார்த்தார், பிறகு மந்திரத்தை முடித்துவிட்டு, குனிந்து, "இது முடிஞ்சப்புறம் அறைக்கு வா. போயிராதே" என்றார்.

அறையில் மரிய ஜோசப்பும் உபதேசியாரும் இருந்தார்கள்.

"எத்தன நாளா இருக்கு?"

"அது சும்மா கட்டி, சாமி. நாளைக்குச் சூடு போட ஆளு வருது." அவள் பேசியது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சாமியார் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "இதே மாதிரி ரெண்டு கழுத்து நான் பாத்திருக்கேன், பிலோமினா. முந்தி இருந்த ஊர்ல. ஒருத்தருக்குச் சூடு போட்டாக. கட்டி சுருங்கல, கல்லாகி எலும்போட ஒட்டிக்கிச்சு. அவரை நான்தான் அடக்கம் பண்ணினேன். இன்னொருத்தர் தெக்கே, திருவிதாங்கூர்ச் சீமையில இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. திரும்பி வந்து பனையேறினாரு. நீ ரெண்டாவது ஆளோட வழியில போ."

உபதேசியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சாமி, அது பதிதர் ஆஸ்பத்திரியில்ல?" பிராட்டஸ்டண்டுக்காரர்களை நம்மவர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "அங்கன போயி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவஸ்தைப் பூசுதல் யாரு குடுப்பா? ஆத்துமம் என்னாகிறது?"

அதுதான் பிலோமினாவின் நெஞ்சிலும் போய்க் குத்தியது. சண்டைக்கு அஞ்சாதவள் கத்திக்கு அஞ்சினாள். கத்தியைவிட, பூசுதல் இல்லாமல் சாவதற்கு அஞ்சினாள். சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியார் கொடுக்கிற எண்ணெய்ப் பூசுதலும் கடைசி நன்மையும் இல்லாமல் செத்தவர்களைப் பற்றி ஊரில் பேசுகிற பேச்சு அவளுக்குத் தெரியாதா? அவளே எத்தனை பேரைப் பேசியிருக்கிறாள்!

"ஆத்துமத்துக்கு நான் பொறுப்பு" என்றார் சாமியார். "பூசுதல இங்கனயே குடுத்து அனுப்புறேன். ஆபத்தான வியாதிதான். குடுக்கலாம்."

அன்று மாலையே பூசுதல் நடந்தது. ஊருக்கு விஷயம் எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? "பிலோமினாவுக்கு அவஸ்தைப் பூசுதல் ஆச்சாம்" என்று. அவ்வளவுதான்! வியாகுலமேரி தலைமையில் பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியோடு வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால், செத்தவள் அடுப்படியில் உட்கார்ந்து சேவலுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருக்கிறாள். அவள் எழுந்து நின்று வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தவிட்டுக் கையாலேயே அவர்களை வாசல் வரைக்கும் விரட்டினாள்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஊருக்கு முன்னால் திட்டக்கூட முடியாத பிழைப்பு ஒரு பிழைப்பா என்று அழுதாள். தெற்கே போவதா, சூட்டோடு முடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சூடு தெரிந்த வலி. ஆஸ்பத்திரி தெரியாத தேசம்.

வெள்ளிக்கிழமை காலை சின்னக்கருப்பு வந்தார். வாசலில் அடுப்புக் கூட்டி, கம்பியைக் கனலில் சொருகினார். "பயப்படாத ஆத்தா, ஒரு மிடறு தண்ணி குடிக்கிற நேரந்தான்" என்றார். கம்பி சிவந்துகொண்டு வந்தது. பிலோமினா முந்தானையை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்த மெழுகுவர்த்தி அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அப்போது மரிய ஜோசப் வந்து அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். "சூடு வேணாம். தெக்க போறோம்" என்றார்.

யார் பேசுவது என்று எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். கல்யாணமான நாளாக அவர் நாலு பேருக்கு முன்னால் தீர்மானமாக ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிலோமினாவின் பல்லிலிருந்து முந்தானை நழுவியது. "ஏய்யா, மெய்யாவா சொல்றீக?" என்றாள்.

"மெய்யாத்தான். எந்திரி."

எழுந்துவிட்டாள். சின்னக்கருப்பு கம்பியைத் தண்ணீரில் முக்கினார். சுர்ரென்று அது அடங்கியது. "சூடு போட்டாலும் போடாட்டியும் சேவல் பேசினது பேசினதுதான்" என்றார். வருசநாட்டிலிருந்து நடந்து வந்த மனுஷர், வெறுங்கையோடு போவாரா? சேவல் போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன மாதிரி, கழுத்துக்கு வந்தது சேவலோடு போயிற்று.

தேனி வரைக்கும் பஸ், அங்கிருந்து மதுரைக்குப் போடி ரயில், மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு இன்னொரு ரயில், அதற்கும் தெற்கே மறுபடி பஸ். தேனியை ஒட்டிய அல்லிநகரத்தைத் தாண்டி அறியாத மரிய ஜோசப், ஒவ்வொரு இடத்திலும் நாலு பேரை விசாரித்து விசாரித்து அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பேசத் தெரியாதவர் என்று யார் சொன்னது? தேவைப்படவில்லை, அதனால் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானசிகாமணி அவளைப் பார்த்தார். நாக்கைக் கரண்டியால் அழுத்தி, நெற்றியில் கட்டிய கண்ணாடியால் வெளிச்சம் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். வயசு நாற்பதுக்கு மேலா? ஆமாம். புகையிலை உண்டா? உண்டு. எந்தக் கடைவாயில் ஒதுக்குவீர்கள்? இடது. தூங்கும்போதும் வாயில் இருக்குமா? இருக்கும். முதலில் வலித்தது காதா?

"ஏன் சாமி, யாராச்சும் எங்க ஊருல இருந்து வந்து சொன்னாகளா?" என்றாள் பிலோமினா.

"யாரும் சொல்லலம்மா. இங்க இந்த நோயோட வர்றவங்க முக்கால்வாசிப் பேரும் இதே பதிலத்தான் சொல்றாங்க. வயசு நாற்பது தாண்டியிருக்கும், புகையிலை இருக்கும், காது வலின்னு எண்ணெய் விட்டிருப்பாங்க, கழுத்துல கட்டி வந்த பிறகுதான் வருவாங்க. அதுலயும் பல பேரு சூடு போட்டுட்டு வருவாங்க. நீங்க அது மட்டும் செய்யல."

அவர் கட்டியை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் தள்ளினார். மேலும் கீழும் தள்ளினார். பிலோமினா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் தன் ஆயுசு எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"நகருது" என்றார் டாக்டர்.

"நகர்ந்தா நல்லதா, கெட்டதா?"

"நல்லது. எல்லார் கழுத்துலயும் உள்ள வரிசையாச் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும்மா. உங்களுக்கு இருக்கிற மாதிரி தொண்டையில புத்துப்புண் வந்தா, அதுலருந்து கிளம்புற கெடுதி முதல்ல இந்த முடிச்சுலதான் வந்து தங்கும். வாய்க்கால்ல வர்ற செத்தை மடைவாயில அடைக்கிற மாதிரின்னு வெச்சுக்குங்க. அடைச்சதை அங்கேயே அள்ளிட்டா வயல் தப்பிச்சுது. முடிச்சு எலும்போடயும் ரத்தக்குழாயோடயும் ஒட்டிக்கிட்டா நான் கைவைக்க முடியாது. உங்களுது இன்னும் ஒட்டல."

மடைவாய்ச் செத்தையைப் பற்றிக் கொடிக்கால்காரிக்குச் சொல்ல வேண்டுமா? அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மரிய ஜோசப் பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டர் மேற்கொண்டு சொன்னார்: தொண்டைப் புண்ணுக்கு ரேடியம் ஊசி; புண்ணைக் கருக்குவதற்கு அதைச் சில நாள் அங்கேயே குத்தி வைத்திருக்க வேண்டும். அது ஆறிய பிறகு கழுத்தைக் கீறி இடது பக்கத்து முடிச்சுகள் அத்தனையையும் எடுக்க வேண்டும். இடது தோள் கொஞ்சம் தொங்கிப்போகும். குரல் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

"சத்தம் போட முடியுமா?"

"உயிர் முதல்லம்மா."

பிலோமினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி. உசிரு இருந்தும் வாயில்லாதவுக எங்க ஊருல பாதிப் பேரு இருக்காக. அவுகளோட நானும் ஒருத்தியா இருந்துட்டுப் போறேன். அறுங்க" என்றாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, உள்ளே இருந்த புகையிலையோடு அவர் மேஜைமேல் வைத்தாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

ரேடியம் ஊசி தொண்டையில் இருந்த நாட்களில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கட்டளை. அவள் வாழ்க்கையில் பட்ட வேதனைகளிலேயே பெரிய வேதனை அதுதான் என்று பிற்பாடு சத்தியம் பண்ணிச் சொன்னாள். ஊசியை வைத்தது வலித்ததாம், எடுத்தது வலித்ததாம், ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தினமும் கஞ்சியைக் கொட்டி வைத்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தது இருக்கிறதே, அதுதான் தாங்கவில்லையாம். ஊசி எடுத்த பிறகும் தொண்டை ரணம் ஆறாமல் பேச்சு எழவில்லை. அப்போதெல்லாம் மரிய ஜோசப் வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து அவளுக்கும் சேர்த்துப் பேசினார். தண்ணீர் கட்டும்போது மனசில் என்னென்ன நினைப்பார் என்று சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று அவள் உள்ளே யாரையோ அதட்டிய சத்தத்தைக் கேட்டுத்தான் சம்மதம் சொன்னேன் என்றார். அவள் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் படுத்துக் கண்ணீர் வழியக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் தெரியாத சங்கதி!

அப்புறம் கத்தி. மயக்க மருந்து கொடுக்கும்போது பிலாசியாரைக் கூப்பிட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது தாடை தொடங்கிக் காறை எலும்பு வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. சில நாள் கழித்து டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எடுத்த முடிச்சுகளை அறுத்து, பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தார்களாம். "ரெண்டே ரெண்டு முடிச்சுலதான் ஏறியிருந்துச்சு. அதுக்குக் கீழே இருந்தது எல்லாம் சுத்தம்" என்றார். மரிய ஜோசப் அவர் காலைப் பிடிக்கப் போக, அவர் எழுந்து ஓடாத குறைதான்.

பெரியாற்றுத் தண்ணீர் திறந்து வாய்க்கால் நிரம்பி ஓடிய நாளில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. இடது தோள் இறங்கியிருந்தது, கழுத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வரப்பு வெட்டிய மாதிரி தழும்பு. ஆனால் ஆள் வந்துவிட்டாள்! வியாகுலமேரி கட்டிக்கொண்டு அழுதாள். உபதேசியார் தள்ளி நின்று பார்த்தார். பேசினாள், குரல் வெறும் கிசுகிசுப்பாகத்தான் இருந்தது. எவ்வளவு முயன்றாலும் அடுத்த ஆளைத் தாண்டாது.

ஊருக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாக "இவ வாய்க்கு ஒரு பூட்டு வராதா" என்றவர்களே, கொடிக்காலுக்குள் போகும்போது காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். சத்தமில்லாத கொடிக்கால் அவர்களைப் பயமுறுத்தியது. அவள் ஒரு பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துப் போய், ஆபத்து என்றால் தட்டினாள். தட்டு தட்டுதான், தொண்டை ஆகுமா?

ஆனால் கிசுகிசுப்பை வைத்துக்கொண்டே அவள் ஒரு காரியம் சாதித்தாள். மத்தியானம் நல்லகண்ணு முதலாளி வழக்கம்போலப் புகையிலைத் துணுக்குகளோடு வந்தபோது அவர் முன்னால் போய் நின்றாள். அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். அவள் கிசுகிசுத்ததால் அவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"மொதலாளி, இதக் குடுக்காதீக. வேற என்னத்தையாச்சும் குடுங்க."

"வழக்கமாக் குடுக்கிறதுதானே, பிலோமினா?"

அவள் முந்தானையை எடுத்துக் கழுத்தைக் காட்டினாள். "வழக்கம் இங்கன கொண்டாந்து விட்டுச்சு. உங்க கொடிக்கால்ல இன்னும் எத்தன கழுத்து இருக்கு, நீங்களே பாருங்க."

நல்லகண்ணு தழும்பைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த பொம்பளைகளின் கழுத்தைப் பார்த்தார். மறுநாள் முதல் வறுத்த கடலையும் கருப்பட்டியும் வந்தது. முதல் வாரம் மொக்கம்மாள் அவளைத் திட்டாத திட்டு இல்லை. புகையிலை இல்லாமல் தலை சுற்றுகிறதாம். பிலோமினா அவளைப் பிடித்து வெயிலில் நிறுத்தி, "ஆத்தா, வாயைத் தெற" என்று பார்த்தாள். இடது கன்னத்துக்குள் வெள்ளையாகப் படை படர்ந்திருந்தது. கழுத்தைத் தடவினாள். கட்டி இல்லை. அன்றோடு மொக்கம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டாள், புகையிலையையும்தான். போகப் போக அந்தப் படையும் மங்கிவிட்டது. அதிலிருந்து மாதத்தில் ஒரு நாள் கொடிக்கால் வாசலில் பிலோமினா எல்லார் கழுத்தையும் தடவிப் பார்ப்பது ஒரு வழக்கமாயிற்று. கெட்ட வழக்கம் போன இடத்தில் நல்ல வழக்கம் வந்து உட்கார்ந்தது.

குரல் மட்டும் வரவில்லை. பேச்சு கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான். கத்திப் பார்க்க அவளுக்குப் பயம். யாருமில்லாத நேரம் கொடிக்காலுக்குள் நின்று வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். கத்திப் பார்த்து வராமல் போய்விட்டால் அப்புறம் நம்புவதற்கு என்ன இருக்கிறது?

மறுவருஷம் பிலாசியார் திருநாள் வந்தது. கோயில் நிரம்பி, வரிசை முற்றத்துக்கு வெளியே வெயில் வரைக்கும் நீண்டது. எல்லாரும் ஒதுங்கி வழிவிட, பிலோமினா முதல் ஆளாக நின்றாள். உபதேசியார் தூபக்காலோடு சாமியாருக்குப் பக்கத்தில் நின்றார். சாமியார் மெழுகுவர்த்திகளை அவள் தொண்டையில் வைத்தார். வலது பக்கத்தது போன வருஷம்போலவே ஒட்டி நின்றது. இடது பக்கத்தது, முடிச்சு எடுத்த பள்ளத்துக்குள் மெதுவாக உள்ளே சாய்ந்து, அங்கேயே நன்றாகப் பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

சாமியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. லத்தீன் போன வருஷம் மாதிரியே பாதியில் நின்றுபோயிற்று. அவர் வாயைத் திறப்பதாகத் தெரியவில்லை. பின்னால் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. முற்றத்தில் நின்றவர்கள் முண்டினார்கள்.

பிலோமினாவுக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது?

"என்னா சாமி, பாத்துக்கிட்டே நிக்கிறீக? பின்னால சனம் வெயில்ல காயிதுல்ல! மந்திரத்தச் சொல்லி முடிங்க!"

கோயில் கிடுகிடுத்தது. பழைய குரல் இல்லை; கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் பிசிறு. ஆனால் முற்றத்தைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும் போயிற்று. வெளியே நின்ற அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் சட்டென்று காலைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த கணம் கோயிலென்றும் பார்க்காமல் ஊரே ஓவென்று கூவியது. மரிய ஜோசப் ஆண்கள் பக்கத்தில் தூணைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிலோமினா தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு, தான்தான் கத்தினோமா என்று நம்பாமல் விழித்தாள்.

உபதேசியார் பிலவேந்திரன் தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டுப் பீடத்தின் பக்கம் திரும்பினார். கை கூப்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆண்டவரே, அன்னைக்கு இந்தப் பொம்பள வாயை அடக்கச் சொல்லிக் கேட்டேனில்ல, அத மன்னிச்சு மறந்துரும்" என்றார்.

"ஓகோ, என் வாய அடக்கச் சொல்லியா ஜெபம் பண்ணுனீக?" என்று பிலோமினா இடுப்பில் கைவைத்து அவர் பக்கம் திரும்பினாள். "ஆசீரு முடியட்டும், வாசலுக்கு வாங்க. உங்களுக்கு இருக்கு!"

உபதேசியார் வாயெல்லாம் சிரிப்பாக, "வர்றேன் தாயி, வர்றேன்" என்றார்.